பச்சை உடம்பு

தங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து மம்பாவ் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு அத்தை தூக்குச்சட்டியில் விரால் மீன் சூப் கொண்டுவந்தார். கத்தி பட்ட உடம்புக்கு விரால்தான் மருந்து என்பதில் இங்கே தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அம்மா வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னார்: “மாருல ஒரு கட்டி. எடுத்துட்டாங்க.” அத்தையின் கண் கலங்கிவிட்டது. தோட்டத்து லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, பின்னால் இந்தத் தாமானுக்கு ஒன்றாகக் குடிவந்தவர்கள். நான்கு நாள் விடாமல் சூப் வந்தது.

கட்டி எதுவும் இல்லை. முப்பத்தொரு வயதுத் தங்கை செனவாங் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொண்டாள். சிலிக்கான் பை, தசைக்கு அடியில். ஐந்தாம் நாள் எப்படியோ விஷயம் வெளியே போனது. அன்றைக்கு சூப் வரவில்லை. வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “தானா தேடிக்கிட்டதுக்கு யாரு என்னம்மா செய்ய முடியும்?”

அத்தையைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதே கேள்வியை நான் அதற்கு முன்பே தங்கையிடம் கேட்டுவிட்டேன். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாளைக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி தூங்க வேண்டும். நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது மாதிரி இறுக்கம் இருக்கும். கனமான எதையும் வாரக்கணக்கில் தூக்க முடியாது. ஆகவே அவளுக்குத் தலை வாரி விடுவது என் வேலை. வாரிக்கொண்டே, “இதெல்லாம் உனக்குத் தேவையா?” என்றேன். ஒருமுறை இல்லை, தினமும். சீப்பை என் கையிலிருந்து பிடுங்கக்கூட முடியாத ஒருத்தியிடம் பேசிய பேச்சு அது. நான் படித்த பெண்ணியமும் கைகொடுத்தது. “சந்தை உன்னை ஏமாத்திருச்சு” என்று பரிதாபப்பட்டேன். அவள் சொன்னாள்: “நான் ஏமாந்தவளும் இல்ல, திமிர் புடிச்சவளும் இல்லக்கா. வலிக்குது. அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ என்னை விடவில்லை. தானே தேடிக்கொண்ட வலிக்குப் பிறரிடம் பராமரிப்பு கேட்கும் உரிமை உண்டா? இல்லை என்பதுதான் நம் உடனடி பதில். ஆனால் அந்தப் பதிலை நாம் எல்லோரிடமும் சொல்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சித்தப்பா மகன் நெடுஞ்சாலையில் மோட்டார் ரேஸ் ஓட்டி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். யாரும் அவனை ஓட்டச் சொல்லவில்லை. மூன்று மாதம் குடும்பமே முறை வைத்துப் பார்த்துக்கொண்டது. இதே அத்தை இதே தூக்குச்சட்டியில் இதே விராலைக் கொண்டுபோனார். திட்டினார்கள்தான், ஆனால் சோறு ஊட்டிக்கொண்டே திட்டினார்கள். அவன் தேடிக்கொண்டது ‘வயசுக் கோளாறு’. இவள் தேடிக்கொண்டது மட்டும் ‘திமிர்’.

இன்னொன்றும் இருக்கிறது. மலேசியத் தமிழருக்குத் தானே விரும்பி ஏற்கும் காயம் புதிதல்ல. ஒவ்வொரு தைப்பூசத்திலும் பத்துமலையின் 272 படிகளில் கன்னத்தில் அலகும் முதுகில் கொக்கியுமாக ஏறுகிறவர்களைப் பார்க்கிறோம். காவடி எடுப்பவர் தள்ளாடினால் பிடிக்க ஆள் கூடவே நடக்கிறது. உட்கார ஒருவர் முக்காலி தூக்கி வருகிறார். ‘தானே குத்திக்கொண்டாயே, நீயே நட’ என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடிவிழும்.

அப்படியானால் நம் மறுப்பு ‘தானே தேடிக்கொண்டது’ என்பதற்கு அல்ல. ‘தனக்காகத் தேடிக்கொண்டது’ என்பதற்கு. சாமிக்காக, பிள்ளைக்காக, புருஷனுக்காகப் பெண் உடம்பு கிழிபட்டால் அது தியாகம். பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். அந்தச் சொல்லில் எத்தனை கரிசனம்! காற்றுப் படக் கூடாது, பச்சைத்தண்ணீர் தொடக் கூடாது, தனியாக விடக் கூடாது. தனக்காக அறுத்துக்கொண்டவளுக்கு அந்தச் சொல்லைத் தர நமக்கு மனம் வருவதில்லை. புற்றுநோயால் மார்பை இழந்த பெண்ணுக்கும் இதே மாதிரி சிலிக்கான் பையை வைக்கிறார்கள். அவளுக்கும் கையைத் தூக்க முடியாது, அவளும் நிமிர்ந்தேதான் தூங்க வேண்டும். ஒருத்தி ‘பாவம்’, இன்னொருத்தி ‘திமிர்’. காயத்துக்கு இந்தப் பிரிவினை தெரியாது. விராலுக்கும் தெரியாது.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் அரசாங்க அளவிலேயே எழுந்தது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சையும் இலவசம் என்று அறிவித்தார்கள். அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். நாம் தராவிட்டால் கடன் வாங்குவார்கள், ஆபத்தான வழிகளைத் தேடுவார்கள் என்பது அவர் வாதம். உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பொதுப்பணம் அளவுள்ளது, எது முதலில் என்று கேட்டே ஆக வேண்டும். ஆனால் அது அறுவைக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி. அறுத்த பிறகு யார் தலை வாரிவிடுவது என்பது வேறு. முதலாவதற்கு வரிசை உண்டு, தகுதி உண்டு. இரண்டாவதற்கு அவை இருக்கலாமா?

‘தானே தேடிக்கொண்டது’ என்பதாவது அவ்வளவு தெளிவானதா? சிலிக்கான் மார்பகப் பை முதன்முதலில் வைக்கப்பட்ட பெண் டிம்மி ஜீன் லிண்ட்சி. 1962, அமெரிக்காவின் ஹூஸ்டன். ஆறு பிள்ளைகளின் தாய். மார்பில் இருந்த பச்சைகுத்தலை அழிக்கத்தான் மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர்கள் புதுப் பையைச் சோதிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் விரும்பியதோ துருத்திக்கொண்டிருந்த காதுகளைச் சரிசெய்வதைத்தான். இரண்டையும் செய்வதாகப் பேசி முடித்தார்கள். அவர் தேர்ந்தெடுத்தாரா, தேர்ந்தெடுக்க வைக்கப்பட்டாரா? இரண்டும்தான். என் தங்கையும் அப்படித்தான் இருக்கலாம். நானும் நீங்களும்கூட, வேறு விஷயங்களில். இதைத் தீர்த்துவைத்த பிறகுதான் சூப் கொடுப்பேன் என்றால் யாருக்கும் எப்போதும் கொடுக்க முடியாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இதில் எனக்கு உதவியது. அளவு தெரியாமல் தின்பவன் நோயைத் தேடிக்கொள்கிறான் என்று வள்ளுவரும் கண்டிக்கத்தான் செய்கிறார். ஆனால் மருத்துவம் என்றால் என்ன என்று முடிவாக வகுக்கும்போது நான்கு பேச்சுதான்: நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். நான்காவது ஆளுக்கு நீதிபதி வேலை தரப்படவில்லை. நோயின் காரணத்தைத் தேடச் சொல்வதும் அதைத் தணிப்பதற்குத்தான்.

அதற்காக நான் கேள்விகளை விட்டுவிடவில்லை. பெண்ணுடம்புக்கு அளவு வைத்து விற்கும் சந்தை மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பிரான்சில் பிஐபி என்ற நிறுவனம் தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவு சிலிக்கானைப் பைகளில் அடைத்து விற்றது 2010இல் அம்பலமானது. இதையெல்லாம் தங்கையிடம் பேச வேண்டும். தையல் ஆறிய பிறகு, அவள் எழுந்து வெளியே போய்விட முடிகிற நிலையில் பேச வேண்டும். கட்டிலோரம் கேட்கும்போது அது கேள்வி இல்லை, தண்டனை.

பத்தாம் நாள் அம்மா விடிகாலையில் சிரம்பான் பசாருக்குப் போய் விரால் வாங்கி வந்தார். பால்மரம் வெட்டிக் காய்த்த கையால் செதில் உரித்தார். தங்கை எதற்காக இதைச் செய்தாள் என்பது அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை, பிடிக்கவும் இல்லை. ஆனால் சூப்போடு அறைக்குள் வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சன்னல சாத்து. பச்ச ஒடம்பு, காத்து படப்போவுது.”

இந்தப் பைகள் ஆயுளுக்கும் நிற்பவை அல்ல. என்றாவது ஒருநாள் எடுக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். அப்போது அம்மா இருப்பாரா தெரியாது. தலை வாரிவிட ஒரு ஆள் வேண்டும். வாய் பேசாமல் வாரக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.