பிடிபட்ட பிள்ளையும் அத்தா சாத்திய கதவும்

 

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே! முக்கியமாக, பின் வரிசைகளில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே! ஒலிபெருக்கி வழியாக வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் காலம் இது. பிள்ளைகள் கூட்டாளிகளோடு வெளியே போவார்கள், ராத்திரி தாமதமாக வருவார்கள். அதனால் இன்றைக்கு ஒரு சங்கடமான விஷயத்தைப் பேசப்போகிறேன். பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை மதுவைத் தொட்டுவிட்டான், வீட்டில் மாட்டிக்கொண்டான். அந்த இரவில் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

நான் பேசுவது இந்த மஹல்லாவில் நடந்த சம்பவம் அல்ல. பல வருடங்களுக்கு முன்னால், வேறு ஓர் ஊரில் நான் இமாமாக இருந்தபோது நடந்தது. யார், எவர் என்று யாரும் தேட வேண்டாம்.

ஹவ்ளுப் பக்கத்தில் ஒரு பையன்

ஒரு நாள் சுபுஹுக்குப் பாங்கு சொல்ல வந்த மோதினார் ஓடிவந்து என் அறைக் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் ஹவ்ளை ஒட்டிய திண்ணையில் ஒரு பையன் சுருண்டு படுத்திருக்கிறான். சட்டையெல்லாம் வாந்தி. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை, 17 வயது. மக்தபில் நன்றாக ஓதியவன். அவனுடைய அத்தா ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர்.

எழுப்பினேன். போதை தெளிந்திருந்தது. "அத்தா கதவைச் சாத்திட்டாங்க ஹஜ்ரத்" என்றான்.

சரி, சட்டையைக் கழற்று, நன்றாகக் கழுவு, என்னுடைய ஜிப்பாவைத் தருகிறேன், ஒளுச் செய்துவிட்டுத் தொழ வா என்றேன். அவன் அசையவில்லை. "எனக்குத்தான் நாற்பது நாள் தொழுகை இல்லையே ஹஜ்ரத். நீங்கதானே ஜும்ஆவுல சொன்னீங்க" என்றான்.

சகோதரர்களே, அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. ஆமாம், நான்தான் சொல்லியிருந்தேன். மது அருந்தியவனின் தொழுகை 40 நாட்கள் ஒப்புக்கொள்ளப்படாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை, மிம்பரில் நின்று சத்தமாகச் சொன்னேன். ஆனால் அதே ஹதீஸின் அடுத்த பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் தவ்பா செய்தால் அல்லாஹ் அவனுடைய தவ்பாவை ஏற்றுக்கொள்கிறான் என்று அதே இடத்தில் வருகிறது. திர்மிதியில் இருக்கிறது, இப்னு மாஜாவில் இருக்கிறது. பயமுறுத்துகிற பாதியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தப் பாதி ஒரு பிள்ளையைப் பள்ளிவாசல் திண்ணையிலேயே நிறுத்திவிட்டது. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆகவே இன்றைக்கு முழுதாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகை ஒப்புக்கொள்ளப்படாது என்றால் தொழ வேண்டியதில்லை என்று பொருள் அல்ல. இதுபோன்ற ஹதீஸ்களுக்கு இமாம் நவவி (ரஹ்) போன்றவர்கள் விளக்கம் தருகிறார்கள்: கடமை நிறைவேறிவிடும், அதற்குரிய நன்மை கிடைக்காது. தொழாமல் விட்டால் மது ஒரு பாவம், தொழுகையை விட்டது அதைவிடப் பெரிய இன்னொரு பாவம். போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்காதீர்கள் என்று ஸூரத்துந் நிஸாவில் அல்லாஹ் சொல்கிறான். தெளிந்துவிட்டால் முதல் வேலை தொழுகைதான். குடித்துவிட்டோமே, எந்த முகத்தோடு அல்லாஹ்வின் முன் நிற்பது என்று ஒருவனை நினைக்க வைப்பது ஷைத்தான்.

அனஸ் (ரலி) அவர்களும் ஒரு சிறுவர்தான்

மது ஹராம் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. பீர் ஆனாலும் சரி, ஒயின் ஆனாலும் சரி, கொஞ்சம் ஆனாலும் சரி. அதிகமாக அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் கொஞ்சமும் ஹராம். ஆனால் அல்லாஹுத்தஆலா அந்த மக்களை எப்படி அதிலிருந்து மீட்டான் என்று பாருங்கள். ஸூரத்துல் பகராவில், அதில் பயனைவிடப் பாவம் பெரிது என்று முதலில் உணர்த்தினான். பிறகு போதையோடு தொழுகைக்கு வராதீர்கள் என்றான். கடைசியில் ஸூரத்துல் மாயிதாவில் முழுவதுமாகத் தடுத்தான். முதல் நாளே மதுவை விடுங்கள் என்று வசனம் இறங்கியிருந்தால் மக்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது.

தடை வந்த நாளை அனஸ் (ரலி) அவர்கள் நினைவுகூர்கிறார்கள். அப்போது அவர்கள் சிறு வயதுப் பிள்ளை. அபூதல்ஹா (ரலி) வீட்டில் பெரியவர்களுக்குப் பேரீச்சங்காய் மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் அறிவிப்பு கேட்டது. அபூதல்ஹா (ரலி) உடனே, போய்க் கொட்டிவிடு என்றார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. கவனியுங்கள் பெரியோர்களே! ஊற்றிக்கொடுத்த கை ஒரு சிறுவருடையது. கொட்டு என்று சொன்ன வாய் அந்த வீட்டுப் பெரியவருடையது. பிள்ளைகளைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் நம் வீட்டிலிருந்து கொட்ட வேண்டியதை நாம் கொட்ட வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் தனி அறைக்குப் போவது தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறோமே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு: இரண்டு முறை நின்ற பிள்ளைகள்

இளைஞர்களே! தப்புச் செய்துவிட்டு அத்தாவின் முன்னால் நின்ற பிள்ளைகளைப் பற்றி ஸூரா யூஸுஃபில் அல்லாஹ் சொல்கிறான். யஃகூப் (அலை) அவர்களின் பிள்ளைகள். அவர்கள் இரண்டு முறை தந்தையின் முன் நின்றார்கள்.

முதல் முறை, தம்பியைக் கிணற்றில் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு அழுதுகொண்டே வந்தார்கள். கையில் பொய் இரத்தம் தடவிய சட்டை. கண்ணீர் இருந்தது, உண்மை இல்லை. தந்தை நம்பவும் இல்லை. அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு அவர்கள் எத்தனையோ ஆண்டுகள் அதே வீட்டில் வாழ்ந்தார்கள்.

இரண்டாம் முறை பொய்ச் சட்டையும் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. அத்தா, நாங்கள் தவறு செய்துவிட்டோம், எங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள் என்ற கருத்தில் பேசினார்கள். உங்களுக்காக என் இறைவனிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று தந்தை சொன்னார்கள்.

தம்பிகளே, மாட்டிக்கொண்ட அன்றைக்கு நீங்கள் எந்த முறையில் நிற்கப்போகிறீர்கள்? "ஜூஸ்ல கலந்துட்டாங்க, எனக்குத் தெரியாது." "ஃப்ரெண்டு மேல கொட்டிடுச்சு, அதான் வாடை." இதெல்லாம் இரத்தம் தடவிய சட்டைதான். அத்தாவுக்குத் தெரியும். நம்பியதுபோல் அவர் நடிக்கலாம், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டதை அவமானம் என்று மட்டும் பார்க்காதீர்கள், அதில் அல்லாஹ்வின் ரஹ்மத்தும் இருக்கிறது. பழக்கம் வேர் பிடிப்பதற்கு முன்னால் அவன் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். மூளை முழுதாக வளர 25 வயது வரை ஆகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிறு வயதில் தொடங்குபவர்கள் அடிமையாகும் ஆபத்து அதிகம் என்றும் சொல்கிறார்கள்.

தவ்பாவுக்கு உலமாக்கள் மூன்று ஷர்த்துகள் சொல்வார்கள்: பாவத்தை விடுவது, அதற்காகக் கைசேதப்படுவது, இனிமேல் செய்யமாட்டேன் என்று உறுதி கொள்வது. மனிதர்களின் உரிமை அதில் கலந்திருந்தால், அதைத் திருப்பித் தருவது நான்காவது. டியூஷனுக்கு என்று வாங்கிய பணத்தில் குடித்திருந்தால் அது அத்தாவின் உரிமை. அதையும் சொல்லி, அவரிடம் ஹலால் தேட வேண்டும்.

இன்னொன்று. அத்தாவுக்குப் பயந்து நண்பனின் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். குடித்தவனை பைக் ஓட்ட விடாதீர்கள், அவன் பின்னால் ஏறாதீர்கள். எழுப்பியும் எழாதவனை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் போகாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், கூடவே இருங்கள். வீட்டில் வாங்கும் திட்டு நாலு நாளில் ஆறிவிடும். போன உயிர் வராது.

பெற்றோருக்கு: தண்டனை உண்டு, சாபம் இல்லை

இப்போது அத்தாமார்களிடம் பேசுகிறேன். கோபம் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். ஆனால் கோபத்தில் அந்த அத்தா சாத்திய கதவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை பள்ளிவாசலுக்கு வந்தான், அல்ஹம்து லில்லாஹ். அந்த நேரத்தில் அவனுக்குத் திறந்திருந்த வேறு இடம் எது? குடித்த அதே கூட்டாளியின் அறைதானே? வழியில் ரோட்டில் விழுந்திருந்தால்? திண்ணையில் வாந்தியோடு மூச்சடைத்திருந்தால்?

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்று ஒருவர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டவர். மறுபடியும் ஒரு நாள் கொண்டுவரப்பட்டு, தண்டனை கொடுக்கப்பட்டது. கூட்டத்தில் ஒருவர், எத்தனை தடவைதான் இவன் கொண்டுவரப்படுவான் என்று சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். இவரைச் சபிக்காதீர்கள், இவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்ற கருத்தில் சொன்னார்கள். புகாரியில் வருகிறது. இப்படிப்பட்ட இன்னொரு சம்பவத்தில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள்.

தண்டனை இருந்தது, சாபம் இருக்கவில்லை. பைக் சாவியை வாங்கி வையுங்கள். கைச்செலவுக் காசைக் குறையுங்கள். அந்தக் கூட்டாளிகளைப் பற்றி விசாரியுங்கள். இதெல்லாம் உங்கள் உரிமை, உங்கள் கடமை. ஆனால் "நாசமாப் போ", "நீ என் பிள்ளையே இல்ல" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கு எதிராக துஆ செய்யாதீர்கள், அது ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடலாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

ராத்திரியில் விசாரணை வேண்டாம். போதையில் இருப்பவனிடம் பேசி என்ன பயன்? உயிருக்கு ஆபத்தில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில், தனியாக, தம்பி தங்கச்சிகள் இல்லாத இடத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடாதீர்கள். பிள்ளையின் மானத்தை மறைப்பதும் இபாதத்துதான். தாய்மார்களே, நீங்களும் அத்தாவுக்குத் தெரியக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, அவனுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். ஊரிடமிருந்து மறைப்பது வேறு. அத்தாவிடமிருந்து மறைப்பது வேறு. ஒரு தடவையோடு நிற்காமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

யஃகூப் (அலை) அவர்கள் அந்தப் பொய்ச் சட்டையைப் பார்த்த பிறகும் பிள்ளைகளை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. என் பிள்ளைகளே என்றுதான் அழைத்தார்கள். மிஸ்ருக்கு அனுப்பும்போதும் அவர்களுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். கதவு திறந்திருந்ததால்தான் அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் உண்மையோடு திரும்பி வந்தார்கள்.

ஜமாஅத்துக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாட்டுச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. அப்படியானால் 17 வயதுப் பையனின் கைக்கு அது எப்படி வருகிறது? யாரோ ஒரு பெரியவர் வாங்கிக் கொடுக்கிறார். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மது கொடுத்தால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டுகள் வரை சிறை. மறுமையின் கணக்கு இன்னும் பெரியது. மது விஷயத்தில் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். சுமந்து செல்பவரும், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவரும், வாங்குபவரும், விற்பவரும் அதில் அடக்கம். இந்த மஹல்லாவில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர் யாராவது இருந்தால், அல்லாஹ்வைப் பயந்துகொள்ளட்டும்.

அன்றைக்கு என்ன நடந்தது?

அந்தப் பையனுக்கு முழு ஹதீஸையும் சொன்னேன். அழுதான். என்னுடைய ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு கடைசி ஸஃப்பில் நின்று தொழுதான். முதல் ஸஃப்பில் அவனுடைய அத்தா. ஸலாம் கொடுத்த பிறகு இருவரையும் என் அறைக்கு அழைத்தேன். பையன் முதலில் ஜூஸ் கதையைத்தான் சொன்னான். அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "இல்லத்தா. நானாத்தான் குடிச்சேன். இது மூணாவது தடவை. டியூஷன் காசு" என்றான்.

அந்த அத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கம்மா ராத்திரியிலிருந்து சாப்பிடல. வா, போகலாம்" என்று எழுந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில மாதங்கள் கழித்து அவன் ஒரு தடவை சறுக்கினான். ஆனால் அந்தத் தடவை யாரும் பிடிக்கவில்லை. அவனே அத்தாவிடம் போய்ச் சொன்னான். அத்தா அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனார். அல்லாஹ்வின் கிருபையால் இன்றைக்கு அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். தொழுகை இருக்கிறது.

சகோதரர்களே, தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "எந்தத் தப்புப் பண்ணினாலும், எத்தனை மணியானாலும், முதல்ல வீட்டுக்கு வந்துடு. கோபப்படுவேன், ஆனா கதவைச் சாத்தமாட்டேன்."

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை மதுவிலிருந்தும் எல்லாப் போதைகளிலிருந்தும் பாதுகாப்பாயாக! தவறியவர்களுக்கு உண்மையான தவ்பாவைத் தருவாயாக! அவர்கள் திரும்பி வரும்போது கதவைத் திறக்கும் உள்ளத்தைப் பெற்றோராகிய எங்களுக்குத் தருவாயாக! பாதியைச் சொல்லி உன் அடியார்களை உன்னிடமிருந்து விரட்டிவிடாத நாவை எனக்குத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.