காண்பவனின் பங்கு

சென்ற குளிர்காலத்தில் நாக்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எதிரில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். வண்டியில் ஏறியதுமே, மேலே ஏற இயலாத முதியவர் ஒருவருக்குத் தமது கீழ்ப்படுக்கையை மனமுவந்து விட்டுக்கொடுத்தவர் அவர். இரவு உணவுக்குப் பின் தமது கைபேசியை என்னிடம் நீட்டி, “ஐயா, இதைப் பாருங்கள்” என்றார்.

திரையில் உழவு நின்றுபோன ஒரு வயல், மேலிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது. ஒரு வீரன் தனியே ஓடுகிறான், விழுகிறான், எழ முயன்று தலையைத் திருப்பி மேலே பார்க்கிறான். அவன் பார்ப்பது தன்னைக் கொல்ல வரும் டிரோனை. ஆனால் அதன் கண் வழியே நாம் காண்பதால் அவன் நம்மையே பார்ப்பதுபோல் இருந்தது. மறுகணம் திரை சாம்பல் நிறமாயிற்று. பின்னணியில் துள்ளலான இசை. இளைஞர் சிரித்தார். “இவன் எந்த நாட்டவன்?” என்று கேட்டேன். “சரியாகத் தெரியவில்லை ஐயா, ரஷ்யனாக இருக்கலாம்” என்று கூறிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

அவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்த நாளிலிருந்து, நாள்தோறும் போர் வரைபடத்தைப் பார்ப்பது எனக்கும் வழக்கமாகிவிட்டிருந்தது. தாக்கப்பட்டவர் பக்கமே என் மனம் நின்றது. இன்றும் அங்கேயே நிற்கிறது. அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று, கருங்கடல் படையின் தலைமைக் கப்பலான ‘மாஸ்க்வா’ மூழ்கியது. அச்செய்தியைப் படித்ததும் கிரிக்கெட் பந்தயத்தில் விக்கெட் விழுந்ததுபோல் கைதட்டினேன். சில நாட்கள் கழித்துத்தான், கட்டாய ராணுவச் சேவையில் இருந்த இளைஞர்களும் அக்கப்பலில் பணியாற்றினர் என்றும், அவர்களுடைய பெற்றோர் தம் பிள்ளை எங்கே என்று பகிரங்கமாகக் கேட்கத் தொடங்கினர் என்றும் படித்தேன். மாலுமிகள் அனைவரும் மீட்கப்பட்டனர் என்று முதலில் அறிவித்த ரஷ்ய அரசு, பின்னர் ஒருவர் இறந்தார், 27 பேரைக் காணவில்லை என்றது. நான் தட்டிய கைதட்டல் அப்போதுதான் என் காதில் விழுந்தது.

அன்று எழுந்த வினா இதுதான். கொன்றவன் கொன்றான்; இறந்தவன் இறந்தான். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அமர்ந்து அதைக் கண்டு களித்தவனுக்கு அச்செயலில் பங்கு உண்டா?

‘பார்ப்பதால் என்ன வந்துவிடப்போகிறது? நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் போர் நடக்கத்தானே செய்யும்?’ என்று நாம் எளிதாகச் சமாதானம் கூறிக்கொள்ளலாம். முற்காலப் போர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். இப்போருக்குப் பொருந்தாது. காரணம், இப்போர் நடத்தப்படும் முறையிலேயே இருக்கிறது.

உக்ரைனியப் போர்முனையில் மிகுதியாக உயிர் குடிப்பது நான்கு சுழலிகள் கொண்ட சிறிய டிரோன். அதன் முன்புறம் கேமரா, உடலில் வெடிபொருள். சில கிலோமீட்டர் பின்னால் நிலவறையில் அமர்ந்து, கண்களை மறைக்கும் திரைக்கண்ணாடி அணிந்த ஒருவர், அது காண்பதைத் தாமும் கண்டபடி அதைச் செலுத்துகிறார். வானொலி அலைகளைக் குலைத்து அதை வழிதவறச் செய்யக் கற்றனர். அதற்கு மாற்றாக, அலைகளே தேவைப்படாதபடி மெல்லிய கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோன்கள் 2024 முதல் பெருகின. வயல்களிலும் மரங்களிலும் அந்த இழைகள் சிலந்தி வலைபோல் படிந்து வெயிலில் மின்னுகின்ற படங்களைப் பலரும் கண்டிருக்கலாம். இத்தகைய வானத்தின் கீழ்ப் பெரும்படை திரண்டு செல்ல முடியாது. ஆகவே இருவர் மூவராகப் பதுங்கிச் செல்கின்றனர். சாலைகளின் மேல் வலை கட்டுகின்றனர். காயமுற்றவரைத் தூக்கிவரச் செல்பவரும் தாக்கப்படுவதால், நாட்கணக்கில் பதுங்குகுழியிலேயே கிடந்து மடிபவர்கள் உண்டு.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கொல்லும் கருவியே படம் பிடிக்கும் கருவியாகவும் இருக்கிறது. கொலையும் அதன் பதிவும் ஒரே செயலாகிவிட்டன. அப்பதிவு மேலதிகாரிக்குச் சான்று, பகைவனுக்கு அச்சுறுத்தல், நன்கொடை வழங்கும் மக்களுக்குக் கணக்கு. உக்ரைனில் டிரோன் பிரிவுகள் தம் தாக்குதல் பதிவுகளைச் சமர்ப்பித்துப் புள்ளிகள் பெறும் முறை அரசாலேயே ஏற்படுத்தப்பட்டுள்ளது. டாங்கியை அழித்தால் இத்தனை, ஒரு வீரனைக் கொன்றால் இத்தனை. அப்புள்ளிகளைக் கொடுத்து இணையச் சந்தையில் புதிய டிரோன்களைப் பெறலாம். பகைவனைக் கொல்வதைவிட உயிருடன் பிடிப்பதற்கு அதிகப் புள்ளிகள் என்பதையும் கூறவேண்டும். தன்னினும் பெரிய பகையை எதிர்த்து நிற்கும் நாட்டுக்கு இத்தகைய கணக்கு தேவைப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் உயிரைப் புள்ளியாக எண்ணும் பழக்கம் போர் முடிந்த பின் மனத்தை விட்டு எளிதில் அகலுமா?

இதன் மறுபுறம் இன்னும் கொடியது. 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் கெர்சான் நகரிலும் அதனை அடுத்த ஊர்களிலும், பேருந்துக்குக் காத்திருந்தவர்கள், மிதிவண்டியில் சென்றவர்கள், ஆம்புலன்ஸ்கள் என வேறுபாடின்றி ரஷ்ய டிரோன்கள் துரத்தித் தாக்கின. அவ்வூர் மக்கள் இதை ‘மனித வேட்டை’ என்றே அழைத்தனர். ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு 2025 மே மாதத்தில் இதனை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்தது. அவ்வேட்டைக் காட்சிகள் டெலிகிராமில் வெளியிடப்பட்டன. யாருக்காக? பார்ப்பவர் இருந்ததால்தானே வெளியிட்டனர்! அங்கே பார்வையாளன் வெறும் பார்வையாளன் அல்லன். அவன் விரல்தொடுகையும் அச்செயலின் ஊதியத்தில் ஒரு பகுதி.

பதஞ்சலி முனிவர் தமது யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் இம்சையைப் பகுக்கும்போது மூன்று வகை கூறுகிறார்: தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததை ஆமோதித்தது. மூன்றாவதை அவர் ஏன் சேர்த்தார் என்று நான் பல காலம் வியந்ததுண்டு. கையும் அசையவில்லை, ஆணையும் இடவில்லை. ஆமோதிப்பது எப்படி இம்சையாகும்? அந்த ரயில் பயணத்திற்குப் பின் எனக்கு ஐயம் இல்லை. ஆமோதிப்பவனுடைய சித்தத்திலும் கொன்றவனுடைய சித்தத்தில் விழும் அதே வடு விழுகிறது. கொன்றவனுக்காவது அச்சமும் களைப்பும் உறக்கமின்மையும் உண்டு. அவை அவனை ஒருநாள் வருந்தச் செய்யலாம். நமக்கோ அவை எதுவும் இல்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆக்கிரமித்தவனையும் தற்காத்துக்கொள்பவனையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? கூடாது. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் இந்தப் படையெடுப்பைக் கண்டித்தன; 5 நாடுகள் எதிர்த்து வாக்களித்தன; நம் நாடு உட்பட 35 நாடுகள் வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. அரசுகளின் கணக்கு எதுவாயினும், அண்டை நாட்டின் எல்லையைப் படைகொண்டு மாற்றுவது அநீதி என்பதில் தனிமனிதன் தயங்க வேண்டியதில்லை. தன் மண்ணைக் காக்கப் போரிடுவதை ஆமோதிப்பது வேறு. ஒருவன் சாவதைச் சுவைப்பது வேறு. முன்னது அறிவின் முடிவு. பின்னது நாவின் ருசி போன்றது. பகைவனுக்கு இடுக்கண் வந்தபோது அவனிடம் காட்டும் பரிவையே வீரத்தின் கூர்மையாக வள்ளுவர் வைத்தது படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில்தான் என்பதை நினைவில் கொள்ளலாம்.

கார்கிவ் நகரில் வீட்டை இழந்த ஒரு தாய் பகைவனின் அழிவைக் கண்டு மகிழ்ந்தால், அவளுக்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. நான் கூறுவது அவளுக்கு அன்று. தொலைவு என்னும் வசதியைப் பெற்றிருக்கும் நமக்கு. போரைச் சுமப்பவர்களைவிடத் தொலைவில் இருப்போரே சில வேளைகளில் உரக்க முழங்குகிறோம். காலப் நிறுவனத்தின் கணக்கெடுப்பில், 2022-இல் வெற்றிவரை போரிட வேண்டும் என்ற உக்ரைனியர் 73 சதவீதம்; 2025 ஜூலையில் பேச்சுவார்த்தை மூலம் விரைவில் போர் முடிய வேண்டும் என்றோர் 69 சதவீதம். நம் ரயில் பெட்டியில் அவ்வாறு எவருடைய மனமும் களைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் கண்ணை மூடிக்கொள்வதா? பாரதப் போர் தொடங்கும் முன் வியாசர் திருதராஷ்டிரனுக்குப் பார்வை தருவதாகக் கூறினார். சுற்றத்தார் மடிவதைக் காண விரும்பவில்லை, கேட்டால் போதும் என்றான் அவன். ஞானக்கண் சஞ்சயனுக்குக் கிட்டியது. அரசனின் மறுப்பு முதலில் கருணைபோல் தோன்றுகிறது. ஆனால் தடுக்க வேண்டிய காலத்திலும் காணாதிருந்தவன் அவன். போர்க்களத்தைப் பற்றி அவன் கேட்ட முதற்கேள்வியிலேயே ‘என்னவர்’, ‘பாண்டுவின் மக்கள்’ என்று உலகம் இரண்டாகிவிட்டது. சஞ்சயன் கண்டான், இரு தரப்பின் மரணத்தையும் கூறினான், இவ்வழிவுக்கு நீயே காரணம் என்று தனக்கு உணவளித்த மன்னனிடமே சொன்னான். ஒரு சாவையும் அவன் கொண்டாடவில்லை.

காணாதிருத்தலை ரஷ்யாவில் சட்டமே கட்டாயமாக்கியது. படைகளைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்று 2022 மார்ச் 4 அன்று விதிக்கப்பட்டது. ‘போர்’ என்ற சொல்லுக்குப் பதிலாகச் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்று கூறவேண்டியதாயிற்று. லெவாடா மையத்தின் கணிப்புகளில் ராணுவத்தின் செயல்களுக்கு 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆதரவு தொடர்ந்து காணப்பட்டது. சிறை அச்சத்துக்கிடையே சொல்லப்படும் விடையில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு பயம், எவ்வளவு ‘நமக்கேன்’ என்ற ஒதுக்கம் என்று யாரால் பிரித்துக் கூற முடியும்?

ஆயினும் அங்கே கண்டவர்கள் இருந்தனர். 2023 ஜனவரி 14 அன்று, உக்ரைனின் தினிப்ரோ நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மீது ரஷ்ய ஏவுகணை விழுந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது கப்பல்களைத் தகர்ப்பதற்கென உருவாக்கப்பட்ட ஏவுகணை. மாஸ்கோவில் உக்ரைனியக் கவிஞர் லெஸ்யா உக்ராயின்காவுக்கு ஒரு சிலை உண்டு. அடுத்த சில நாட்களில் மாஸ்கோவாசிகள் சிலர் அங்கு வந்தனர். முழக்கம் எதுவும் இல்லை. பனியின் மேல் பூக்களை வைத்தனர். சிலர் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளை வைத்தனர். இடிந்த அக்கட்டடத்தின் படம் ஒன்றும் அங்கே இருந்தது. சிலர் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்டனர். பூக்கள் அகற்றப்பட்டன. மறுபடியும் யாரோ வந்து பூ வைத்தனர்.