அபயதானம்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பது நாம் இளமை முதல் கேட்டறிந்த ஒன்று. முதல் மூன்றுக்கும் பொருளோ கல்வியோ வேண்டும். அபயதானத்துக்கு இரண்டும் வேண்டா. பிற உயிர் நம்மைக் கண்டு அஞ்சாதவாறு ஒழுகினால் போதும். எளிதெனத் தோன்றும் இத்தானம், நம் களிப்பில் ஒன்றை விட்டாலன்றிக் கைகூடாது.

மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கலை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறையுங்கால் பறவைகள் வந்து சேர்கின்றன. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊசிவால் வாத்துகளோ வட ஆசியாவிலிருந்து பல்லாயிரம் கல் கடந்து வருகின்றன. துப்பாக்கி ஏந்தியோர் அங்கே வேட்டையாடத் தொடங்கியபோது ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்தம் உரிமையை எழுத்தில் அளித்தார். 1858-இல் அதனைப் புதுப்பித்தும் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். 2022-இல் அவ்வேரி ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சட்டங்கள் பின்னர் வந்தன. ஊராரின் காவலே முன்னர் வந்தது.

சிவகங்கை மாவட்டத்துக் கொல்லுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. நம் சமயம் சாராத அவ்வூர்ச் சிறுவர், பறவைகளுக்காகத் தம் பண்டிகை மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்கின்றனர்.

நமக்கோ தீபாவளி எத்தகைய நாள்? பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய திருநாள் அன்றோ? வைகறையில் நிர்வாண பூசை செய்து, பொழுது புலர்ந்ததும் வெடி கொளுத்துகிறோம். ஏரிக்கரை ஊரொன்றில் ஆசிரியப் பணி புரிந்த நாளில், சிறுவர் வெடித்த ஓசைக்கு மரத்திலிருந்த நாரைகள் அனைத்தும் எழுந்து பறந்ததைக் கண்டு நாமும் சிரித்து நின்றோம். மாலையில் மரங்கள் வெறுமையாய் நின்றன. கொல்லாமையைப் பலகாலும் பாடமாக நடத்திய நாம், அன்று தடுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்குறை இன்றளவும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

வெடியை விலக்குதல் ஒரு பாதி. உற்று நோக்குதல் மறு பாதி. துறவியர் அடி பெயர்க்குமுன் சிற்றுயிர்க்கு ஊறு நேராவண்ணம் நிலம் நோக்கி நடப்பதை ஈரியா சமிதி என்கிறோம். இல்லறத்தார் தம் ஊர் ஏரியை நோக்குதலும் அவ்வழிப்பட்டதே. 1987 முதல் சனவரி தோறும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர் பலர் பங்குகொள்கின்றனர். இன்ன நாளில், இன்ன ஏரியில், இன்ன பறவை இத்துணை என எழுதி வைப்பதே அவர்தம் பணி. ஒரே ஏரியை ஆண்டுதோறும் எண்ணி வந்தால்தான், வரவு குறைவதை உரிய காலத்தில் அறிந்து காரணம் தேட இயலும். இதற்குப் பெருங்கல்வி வேண்டா. விடியலில் எழுதலும், ஓசையின்றி நிற்றலும், கண்டதைக் கண்டவாறே எழுதும் வாய்மையும் போதும். இவை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதியவை அல்லவே!

வரும் தீபாவளியன்று ஜினாலயத்தில் விளக்கேற்றியபின், பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். ஒரு சுவடியும் எழுதுகோலும் மட்டும் உடன் கொண்டு செல்வோம். நெடுந்தொலைவு பறந்து வந்த உயிர்கள் அச்சமின்றி அங்கே இளைப்பாறட்டும்.

அறம் வளர்க!