பிழைத்து வந்தவருக்கு நாம் பட்ட கடன்

எங்கள் செங்கம் பக்கத்தில் வேடியப்பனைக் கும்பிடாத ஊர் குறைவு. பல இடங்களில் பழைய நடுகல்தான் சாமி. மாடு கவர வந்தவர்களை மறித்து விழுந்தவன், ஊரைக் காக்க நின்று மாண்டவன் என்று யாரோ ஒரு வீரன் அந்தக் கல்லில் வில்லோடும் வாளோடும் நிற்கிறான். அவனுக்குப் பொங்கல் வைக்கிறோம், சேவல் அறுக்கிறோம். எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு சேர்ந்து கள்வரை எதிர்த்த நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக்கூட ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தொலைக்காத மண் இது.

நான் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டர். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் போகும் பகுதி. நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று எடுக்கக் கைரேகைக் கருவியோடு பென்ஷன்காரர்களின் வீடுகளுக்குப் போவேன். ஓய்வுக்குப் பிறகு நிலத்தில் பாடுபட்ட விரல்களில் ரேகை எளிதில் விழாது. ஈரத்துணியால் துடைத்துத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். கடைசியில் ஒரு வழியாக விழும். அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்பது பிரயாக்ராஜில் உள்ள ராணுவ பென்ஷன் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எங்கே நின்றார், என்ன கண்டார் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ஊருக்கு அவர் வெறும் மிலிட்டரிக்காரர்.

செத்தவனுக்குக் கல் நட்டுச் சாமியாக்கிய நாம், பிழைத்து வந்தவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? மரணத்துக்குத்தான் மரியாதை என்றால் இவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குண்டு யார்மேல் படும் என்பது அவரவர் கையில் இல்லை. இருவரும் ஒரே பதுங்குகுழியில்தான் நின்றார்கள். இருவரும் தம் உயிரை ஒரே மாதிரிதான் ஒப்புக்கொடுத்தார்கள். ஒருவருடையது எடுத்துக்கொள்ளப்பட்டது, மற்றவருடையது திரும்பி வந்தது. கொடுத்ததற்கு மரியாதை என்றால் அது இருவருக்கும் உரியது.

இதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இதற்கு அடுத்த கேள்விதான் கடினம்: பெருமைப்பட முடியாத போரிலிருந்து திரும்பியவருக்கு நாம் என்ன செய்வது?

1971 போரில் கிழக்கு எல்லையில் இருந்தவரைச் சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். நல்ல காரியம். இன்னொரு தெருவில் ஹவில்தாராக ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை, அவரும் போவதில்லை. 1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவர். ஒரு நவம்பரில் ரேகை விழக் காத்திருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்: "தமிழ்லயே கத்துனாங்கம்மா. எங்க செக்‌ஷன்ல எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது." அதற்குமேல் அவர் பேசவில்லை.

அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் படையாலேயே பிள்ளைகளை இழந்த தாய்மார்களும் இருக்கிறார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் கப்பலில் சென்னைக்குத் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர் பட்ட துயரத்தை நினைத்து அவர் எடுத்த முடிவு அது. அந்தத் துயரம் பொய்யல்ல. அதை மறைத்துவிட்டு இந்தப் பெரியவருக்கு மாலை போடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

ஆனால் அவர் தானாகக் கப்பல் ஏறிப் போகவில்லை. டெல்லியில் முடிவெடுத்தார்கள், நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசு அனுப்பியது. கடமையைச் செய் என்பதுதான் பட்டாளத்தின் பாடம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் குறிக்கோள் வாசகமே கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. தன் கடமையில் சாவது மேல் என்று பொருள்படுவது. அதே கீதை, செயலின் பலனைப் பற்றிக்கொள்ளாதே என்றும் போதிக்கிறது. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டு கழித்தும் அவர் காதில் கேட்கும் அந்தக் குரலை எப்படி விடுவது? ஒருவர் தனியாக விட்டுவிடக்கூடியது அல்ல அது. ஊர் பங்கு எடுத்துக்கொண்டால்தான் பாரம் குறையும்.

என் நம்பிக்கை இதுதான்: நம் பெயரால் ஒருவர் செய்த வினையில் நமக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. வெற்றியில் பங்கு கேட்க நாம் தயங்குவதில்லை, 1971-இன் டாக்காவை நம் வெற்றி என்கிறோம். யாழ்ப்பாணத்தை மட்டும் அந்தப் பெரியவரின் தலையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். இது அறமில்லை. நடுகல் நட்ட நம் முன்னோர் இப்படிச் செய்யவில்லை. கல் எடுத்ததும், அதை நீராட்டியதும், நட்டுப் படையல் இட்டதும் பலர் கூடிச் செய்த சடங்குகள். இழப்பை ஊரே சுமந்தது.

டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியலில் காசு போடுகிறோம். அது தேவைதான், போதாது. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகும் பையன்கள், பட்டாளத்தில் சேரும் முன்பு இந்தப் பெரியவர்களிடம் போய் உட்கார வேண்டும். வீரத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. தூங்க முடியாத இரவுகளையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பதிவேடு வைத்து, அவர்கள் சம்மதத்தோடு பெயர், பிரிவு, நின்ற இடம், கண்டது எல்லாம் எழுத வேண்டும். சொல்ல மனமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. அவர் பெயரை எழுதி, மற்றதைச் சொல்லாத உரிமையையும் அவருக்குத் தர வேண்டும்.

நாம் அனுப்பினோம், அவர் போனார். அங்கே நடந்தது நல்லதோ கெட்டதோ, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நாமும் இருக்கிறோம். இதை அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.