இன்னும் ஒரு சொம்பு

கனடாவில், டொரண்டோவில், ஜன்னலோரம் கறிவேப்பிலைச் செடி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வெளியே மைனஸ் 15 டிகிரி. உள்ளே ஹீட்டர் கதகதப்பில் தொட்டி. கோடையில் பால்கனியில் தளதளவென்று நின்ற செடி, அக்டோபரில் வீட்டுக்குள் வந்து, டிசம்பரில் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்குமா? ஒரு சொம்பு தண்ணீர். மறுநாள் இன்னொரு சொம்பு. ஊரிலிருந்து போனில் யோசனை வருகிறது, புளித்த மோர் ஊற்று என்று. அதுவும் ஆகிறது. பிப்ரவரியில் செடி காலி.

பழி குளிர் மேல் விழுகிறது. பல வீடுகளில் கொன்றது தண்ணீர்தான்.

டிசம்பர் கடைசியில் டொரண்டோவில் பகல் சுமார் 9 மணி நேரம். ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல். வெளிச்சம் குறைந்தால் செடிக்குச் சமையல் குறைகிறது, தண்ணீர்ச் செலவும் குறைகிறது. ஊற்றியது மண்ணிலேயே தங்குகிறது. வேரும் சுவாசிக்கிற ஜீவன்தானே! மண் துகள்களுக்கு நடுவில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால், மூச்சுத் திணறி அழுகும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மிச்சமிருக்கும் இலையும் துவளும். இங்கேதான் விஷயம். தாகத்தில் வாடினாலும் தண்ணீரில் மூழ்கி வாடினாலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நாம் என்ன செய்வோம்? ஐயோ பாவம் என்று இன்னும் ஒரு சொம்பு!

பக்கத்து அபார்ட்மென்ட்டில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறி. செடி இருப்பதே அவருக்குப் பத்து நாளைக்கு ஒரு தரம்தான் ஞாபகம் வரும். அவருடைய செடி பிழைத்துவிடுகிறது. இப்போது சொல்லுங்கள், இருவரில் யார் நல்லவர்?

ஜெர்மன் தத்துவ மேதை இம்மானுவேல் கான்ட் 1785-ல் வந்த தன் புத்தகத்தில், நல்லெண்ணம் பலன் தராமல் போனாலும் தன்னளவில் ஒரு நகை மாதிரி ஜொலிக்கும் என்கிற அர்த்தத்தில் எழுதினார். சொம்பு ஆசாமிக்கு ஆறுதலான சேதி. ஆனால், அதே இடத்தில் ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார். நல்லெண்ணம் என்றால் வெறுமனே ஆசைப்படுவது இல்லையாம். நம் கைக்கு எட்டுகிற வழிகளையெல்லாம் திரட்டுவதாம். ஆள்காட்டி விரல் கைக்கு எட்டும் வழிதானே? மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். அந்த ஒரு அங்குலத்தைப் பார்க்காத அன்பை கான்ட் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்.

நம் பாரி வள்ளலை எடுத்துக்கொள்ளுங்கள். படரக் கொம்பில்லாமல் ஆடிய முல்லைக்குத் தேரையே கொடுத்தான். ஒரு குச்சி போதாதா சார் என்று கேட்ட பையன் எல்லா வகுப்பிலும் இருந்திருப்பான். நியாயமான கேள்விதான். ஆனால், கொடிக்கு என்ன இல்லை என்பதை பாரி சரியாகப் பார்த்தான். அதற்கு வேண்டியது ஒரு பிடிமானம். கொடுத்தது அளவில் அதிகம், வகையில் தப்பில்லை. நாமோ நம்மிடம் எது தாராளமாக இருக்கிறதோ அதைக் கொடுக்கிறோம். குழாயில் தண்ணீர் வருகிறது, ஊற்றுகிறோம். வெளிச்சம் கொடுக்க வேண்டுமானால் தெற்கு ஜன்னலுக்குத் தொட்டியை மாற்ற வேண்டும், அதற்கு சோபாவை நகர்த்த வேண்டும். யார் நகர்த்துவது?

அப்படியானால் சும்மா விட்டுவிடலாமே என்று சோம்பேறி கட்சியில் சேர்ந்துவிடாதீர்கள். காட்டில் நிற்கிற மரத்துக்கு நாம் தினப்படி பாக்கி எதுவும் இல்லை. தொட்டியில் வைத்துவிட்டால் கதை வேறு. வேர் தேடிப் போக அதற்கு இடமில்லை. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் ஒரு சைகாட் மரம், 1775-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, இன்னும் தொட்டியில்தான் வாழ்கிறது. இத்தனை காலத்தில் அங்கே அது ஒரே ஒரு முறை, 1819-ல், கூம்பு விட்டதாகப் பதிவு. அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடிக் கூடத்தில் வைத்து அதற்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிடுங்கி வந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கடனை வாரிசுகள் கட்டுகிறார்கள்.

அதே டொரண்டோ ஜன்னலோரம், ஊரிலிருந்து அழைத்து வந்த அம்மாவையும் உட்காரவைத்திருப்பவர்கள் உண்டு. "சாப்பிட்டீங்களா, ஸ்வெட்டர் போடுங்க, டி.வி. போடட்டுமா?" என்று நாள் முழுக்க உபசாரம். செடிக்கு வாயில்லை, அம்மாவுக்கு இருக்கிறது. ஆனால், என்னம்மா வேணும் என்று கேட்டால், "எனக்கென்னப்பா குறை" என்பாள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பிவிடுவது நமக்கு வசதி. திண்ணையும் தெருவும் இல்லாமல் அவள் உதிர்கிறாள். நாம் இன்னொரு தோசை வைக்கிறோம்.

செடிக்கு வருவோம். மார்ச் வரை அது குச்சியாகவேதான் நிற்கும். உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் இருக்கிறது. ஒரு தடவை போதும். தினம் காலையில் சுரண்டினால் அதுவும் தாங்காது.