எச்சரிக்கையும் போக்கிடமும்

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், முதுகிலே பெரும் பையைச் சுமந்து நடக்கும் வெளிநாட்டு இளைஞர்களைக் காண்பது இப்பொழுது புதுமையன்று. எல்லவிலோ அப்புத்தளையிலோ தங்கி, 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காண வருபவர்கள் அவர்கள். நீர்வீழ்ச்சியை அடையுமுன் கொஸ்லாந்தை என்னும் சிறுநகரைக் கடத்தல் வேண்டும். கொஸ்லாந்தைக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து, அங்கிருந்த லயன் வரிசைகளை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பிச் செல்வதற்கு வீடோ பெற்றோரோ இருக்கவில்லை. இறந்தோர் தொகை பற்றி முதல் நாட்களில் வெளிவந்த எண்ணிக்கை பின்னர் பெரிதும் குறைந்தது. எனினும், மண்ணுள் புதைந்தோர் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை.

அவ்வழிவு நிகழ்ந்த சில நாட்களிலேயே ஒரு கூற்று எழுந்தது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது, மக்கள் வெளியேறவில்லை, ஆகவே பொறுப்பில் ஒரு பங்கு அவர்களையும் சாரும் என்பதே அக்கூற்று. அதன் முன்பகுதி உண்மை. எச்சரிக்கை இருந்தது. மக்களும் வெளியேறவில்லை. ‘ஆகவே’ என்னும் அச்சிறு சொல்தான் ஆராயப்படவேண்டியது. எச்சரிக்கப்பட்டும் ஓரிடத்தில் தங்கியவன், தன் இடரைத் தானே தெரிந்தெடுத்தவனாவானா?

இவ்வினாவுக்கு விடை தேடுமுன், இடரைத் தெரிந்தெடுத்தல் என்றால் என்ன என்பதைத் தெளிதல் நன்று. அதற்கு அப்பயணிகளே தக்க சான்று. மெக்சிக்கோவிலிருந்து ஆர்ஜென்ரீனா வரை, ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளூடாகத் தரைவழியாகச் செல்லும் இளைஞர் கூட்டம் ஒன்று தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர்கள் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் பாதுகாப்பு அறிவுரைகள் எளியவை. மலைப்பாதையில் இரவுப் பேருந்தைத் தவிர். பணம் முழுவதையும் ஒரே பையில் வையாதே. ஊரவரைக் கேட்டு நட. மழைக் காலத்தில் அந்தக் கணவாய்க்குப் போகாதே. இவை யாவும் நல்லறிவே. ஆயினும் இவை ஒவ்வொன்றின் அடியிலும் சொல்லப்படாத ஒரு நிபந்தனை கிடக்கின்றது. இரவுப் பேருந்தைத் தவிர்ப்பவனிடம் பகற்பேருந்துக்குக் காத்திருக்கும் நாளும், அந்நாளைக் கழிக்கும் அறைக்கு வாடகையும் இருத்தல் வேண்டும். கணவாய்க்குப் போகாதவனுக்குப் போகாமலிருக்க முடிதல் வேண்டும். எல்லாம் பிழைத்தால் ஊர் திரும்ப ஒரு கடவுச்சீட்டும் அவனிடம் உண்டு.

பொலிவியாவில் லா பாஸ் நகரிலிருந்து கொரொய்க்கோவுக்கு இறங்கும் பழைய யுங்காஸ் பாதை இவ்வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டும். 1930களில், சாக்கோப் போரிற் சிறைப்பட்ட பராகுவேயரின் உழைப்பைக் கொண்டு அமைக்கப்பட்ட பாதை அது. 4,600 மீற்றருக்கும் உயர்ந்த கணவாயிலிருந்து, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பாதாளமுமாகக் கீழிறங்குவது. 1983 யூலையில் ஒரு பேருந்து வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1995இல் அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கி அதனை உலகின் மிக ஆபத்தான சாலை என்றது. பின்னர் மாற்றுச் சாலை திறக்கப்பட்டதும் ஊர்மக்கள் அங்கே மாறிக்கொண்டனர். பழைய பாதையோ, துவிச்சக்கர வண்டியில் இறங்கி மகிழும் பயணிகளின் களமாயிற்று. பாறையும் பாதாளமும் அப்படியே இருக்கின்றன. ஆயினும் சந்தைக்குக் கோக்கோவும் பழமும் ஏற்றிச் சென்ற உழவனின் இடரும், காசு கொடுத்து இறங்கும் பயணியின் இடரும் ஒன்றல்ல. முன்னையவனுக்கு வேறு பாதை இருக்கவில்லை. பின்னையவனுக்கு வேறு பாதை இருப்பதனாலேயே இது வீரமாகின்றது.

பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலுள்ள டேரியன் காடும் இத்தகையதே. அமெரிக்கக் கண்டங்களை வடக்குத் தெற்காக இணைக்கும் நெடுஞ்சாலை அங்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம் அறுந்து கிடக்கின்றது. பயணிகளுக்குக் கூறப்படும் அறிவுரை: காட்டுக்குட் செல்லாதே, படகிலோ விமானத்திலோ கடந்து செல். அறிவுரை சரியானது. அதே காட்டை 2023ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஏதிலிகள், குழந்தைகளைத் தோளிற் சுமந்து, கால்நடையாகக் கடந்தனர். அவர்களுக்கு ஆபத்துத் தெரியாது என்று எவரும் கூறார். விமானத்தில் ஏற்றிக்கொள்ளப்படுவதற்குரிய தாள்கள் அவர்களிடம் இல்லை என்பதே வேறுபாடு.

இவ்வாறு கூறுவதால் பயணியை இகழ்தல் வேண்டா. தன் மனமொப்பி ஏற்கும் இடர் மனிதனை வளர்ப்பது. அதனைப் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது மலிவான அறச்சீற்றம். கேட்கப்படவேண்டியது, பயணிக்குப் பொருந்தும் அளவுகோலைக் கொண்டு லயத்துக் குடும்பத்தை அளக்கலாமா என்பதே.

தமிழில் வழிப்பாதுகாப்புப் பற்றிய நூல் இல்லையெனல் பொருந்தாது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடியது, ஒருவகையில் மலைவழிச் செல்வோர்க்கான கையேடே. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்துக்கு வழி கூறுகின்றான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கமிருந்து வரும், பாம்பு கிடக்கும் குழிகள் யாவை, வழுக்கும் பாறையில் எதைப் பற்றி நடத்தல் வேண்டும் என்றெல்லாம் அவன் எச்சரிக்கின்றான். ஆற்றுப்படையின் அறம் அதன் அமைப்பிலேயே உளது. எச்சரிப்பவன் அவ்வழியைத் தானே நடந்து வந்தவன். அன்றியும், ஆபத்தை மட்டும் கூறி அவன் நிறுத்தவில்லை. இன்ன ஊரில் இன்னார் உணவளிப்பர், இன்ன இடத்தில் இரவு தங்கலாம், முடிவில் நன்னன் வரவேற்பான் என்பவற்றையும் உடன் கூறுகின்றான். ‘அங்கே கால் வையாதே’ என்பதும் ‘இங்கே வை’ என்பதும் அவன் வாயில் ஒரே பேச்சு.

மீரியபெத்தவுக்கு வந்த எச்சரிக்கையில் இரண்டாம் பாதி இல்லை. வேறெங்கே வீடு, எவருடைய நிலம், எந்தத் தோட்டத்தில் வேலை, பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பவற்றுக்கு விடையில்லாத அறிவித்தல் அது. லயன் காம்பிரா தோட்டத்தின் உடைமை. அதன் நிலம் அரசினுடையது, 1992 முதற் கம்பனிகளின் முகாமையில் இருப்பது. காலையிற் பிரட்டுக்களத்தில் பெயர் விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. பெயர் விழ வேண்டுமெனில் தோட்டத்தில் இருத்தல் வேண்டும். வீடும் வேலையும் ஒரே முடிச்சிற் கட்டப்பட்டிருக்கையில், ‘வீட்டை விடு’ என்பதற்கு ‘வேலையை விடு’ என்பதே பொருள்.

அம்முடிச்சின் வயது ஏறத்தாழ இரு நூற்றாண்டு. கோப்பிக் காலத்தில் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கிய கூட்டங்கள், காட்டுவழியே மாத்தளை வரை நடந்தன. அங்கிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு மேலும் நடந்தன. முதுகில் மூட்டை, இடுப்பிற் குழந்தை. கொள்ளைநோயாலும் பசியாலும் வழியோரத்தில் வீழ்ந்தோர் பலர். தரைவழிப் பயணம் என்று இன்று கூறப்படுவதன் எல்லாப் புற அடையாளங்களும் அந்நடையில் இருந்தன. திரும்பிச் செல்லும் உரிமை ஒன்றே இல்லை. புறப்படுமுன்னரே கங்காணியின் முற்பணம் கடனாக ஏறிவிட்டது. கடன் தீர்ந்தமைக்குச் சான்றான ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்துக்குப் போதலும் இயலாது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. காம்பிராவோடு வேலையைப் பிணைத்த முறையை அச்சட்டம் தொடவில்லை.

1970களில் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பலை எண்ணிப் பார்த்தல் தகும். இஸ்தான்புல், தெகிரான், காபுல் வழியாகத் தரைமார்க்கமாக வந்த ஐரோப்பிய இளைஞர்கள் இராமேசுவரத்தில் அக்கப்பலேறி இலங்கை வந்தனர். அதே கப்பல் திரும்பிச் செல்கையில், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிகளாக்கப்பட்ட தோட்ட மக்களை ஏற்றிச் சென்றது. அவர்களுட் பலர் இந்தியாவை முன்பு கண்டறியாதவர்கள். ஒப்பந்தம் 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்குமாக எண்ணிற்று; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. ஒரே தளத்தில் இருவகைப் பயணிகள். ஒருவருக்கு வழி விருப்பத்தால் திறந்தது, மற்றவருக்கு ஆணையால்.

இனி, மூல வினாவுக்கு மீளலாம். அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில், புயலில் அகப்பட்ட மாலுமி சரக்கைக் கடலில் எறிவதை ஆராய்கின்றார். எவரும் சரக்கைத் தாமாக எறியார். ஆயினும் அந்நேரத்தில் அறிவுடையோர் எவரும் எறிவர். எனவே அது கலப்புச் செயல் என்றும், விருப்பச் செயலையே பெரிதும் ஒத்தது என்றும் அவர் கொள்கின்றார். மீரியபெத்த மக்களை இவ்வுவமையால் அளப்போர், உயிரைக் காக்கச் சரக்கை எறிய மறுத்தவர்கள் அவர்கள் என்பர். உவமை பொருந்தவில்லை. மாலுமிக்குப் புயல் கண்முன் நிற்கின்றது. சரக்கை எறிந்தால் கப்பல் மிதக்கும் என்பதும் தெரியும். லயத்துப் பெண்ணுக்கோ, சரிவு என்றோ ஒரு நாள் வரக்கூடியது. கூலியிழப்பு நாளையே வருவது. ஐயத்துக்குரிய மரணத்துக்கும் ஐயமற்ற பசிக்கும் இடையே, ஒவ்வொரு நாளும் அவள் பசியை விலக்கினாள். ஒன்பது ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் அவள் கணக்குச் சரியாகவே இருந்தது. ஒரு காலையிற் பிழைத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும்; அதற்குச் செவிசாய்த்தல் வேண்டும். மக்களுக்குத் தெரிவே இல்லை என்பது அவர்களை வெறும் பாவைகளாக்குவதன்றோ? தோட்ட மக்களைப் பற்றி இரங்கி எழுதும் எழுத்துகள் பல இப்பிழையைச் செய்துள்ளன. உறவும் கோயிலும், பாட்டனைப் புதைத்த இடமும் விட்டுப் போக மனமில்லாதோரும் அங்கே இருந்திருப்பர். அவர்களும் ஆய்ந்து முடிவெடுக்கும் மாந்தரே. ஆனால் இம்மறுப்பு, குற்றஞ்சாட்டுவோருக்குத் துணை நில்லாது. அவர்கள் அறியாமையால் தங்கவில்லை, அறிந்தே தங்கினர் எனக் கொண்டால், தம்முன் வைக்கப்பட்டவற்றுள் தீமை குறைந்ததைத் தெரிந்தனர் என்றாகும். தெரிந்தவை அவர்களுடையவை, தெரிவுப் பட்டியலை வகுத்தவர் வேறொருவர். பட்டியலை வகுத்தவரின் பொறுப்பு, அதிலிருந்து தெரிந்தவரின் அறிவால் குறைந்துவிடுவதில்லை.

திருக்குறளில் வருமுன் காத்தலை வலியுறுத்தும் குறள்கள் பொதுவாகத் தனிமனிதனுக்கான அறிவுரையாகவே மேடைகளில் ஆளப்படுகின்றன. அவை அமைந்த அறிவுடைமை, குற்றங்கடிதல் என்னும் அதிகாரங்கள் பொருட்பாலின் அரசியலில் உள்ளவை. முன்னறிந்து காக்கவேண்டியவன் முதற்கண் அரசன். கொலம்பியாவின் ஆர்மேரோ நகர் 1985 நவம்பர் 13ஆம் திகதி, நெவாதோ டெல் ரூயிஸ் எரிமலையிலிருந்து வந்த சேற்றுப்பெருக்கில் அழிந்து ஏறத்தாழ 23,000 பேர் மாண்டபொழுது, ஆபத்தைக் காட்டும் வரைபடம் சில கிழமைகளுக்கு முன்னரே வரையப்பட்டிருந்தது. அன்று மாலை சாம்பல் பொழிந்தபொழுதும் மக்களுக்குக் கூறப்பட்டது அமைதியாக வீட்டில் இருக்குமாறே. ஆர்மேரோவில் அறிவு அரசிடம் நின்றுவிட்டது. மீரியபெத்தவில் அறிவு மக்களிடம் வந்தது, வழி வரவில்லை. காகிதத்தை ஒப்படைத்தலால் கடமை ஒப்படைக்கப்படுவதில்லை.

மலைநாட்டில் ஆபத்தான சரிவுகள் எண்ணற்றவை, எல்லாரையும் ஒரே நாளில் எங்கே குடியேற்றுவது என்று அதிகாரிகள் கூறுவதிலும் நியாயம் உண்டு. காடழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் இட்ட சரிவுகளில், தோட்டத்தார் கான் எனப்படும் வடிகால்களை ஒழுங்காக வெட்டி நீரை வழிப்படுத்தினர். கான்கள் தூர்ந்த இடங்களில் மழைநீர் மண்ணுள் இறங்கி, காலந்தோறும் சரிந்து தங்கிய தளர்ந்த மண்ணின் பிடியை நெகிழ்த்துகின்றது. இதனைச் சீராக்கல் ஓராண்டு வேலையன்று. ஆயின், முடியாமையை முடியாமை என்றே கூறலாம். அதனை மக்களின் கவனமின்மை என்று பெயர் மாற்றுதல் வேறு செயல்.

உயிர் தப்பிய குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பூனாகலைப் பகுதியில் இயங்காத ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், துணித் திரைகளால் பிரித்த அறைகளிற் காலங்கழித்தன. 2016இல் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. 2005இலோ 2011இலோ கட்டப்பட்டிருக்கக்கூடிய வீடுகள் அவை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபொழுது பதுளை மாவட்டத்துச் சரிவுகள் மீண்டும் பல இடங்களிற் பெயர்ந்தன. ஊவாத் தோட்டங்களில் மழை வலுக்கும் இரவுகளில் இப்பொழுதும் அறிவித்தல் வருகின்றது. குடும்பங்கள் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ செல்கின்றன. மழை ஓய்ந்ததும் அதே லயத்துக்குத் திரும்புகின்றன. காலையிற் பிரட்டு இருக்கின்றது.