மனம் சோர்ந்தால் பக்தி குறைந்ததாகுமா?

அவிநாசியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் மங்கல ஒலி. பிள்ளைக்குப் பூணூல் கல்யாணம். எதிர்வீட்டில் அழுகுரல். சேரமான் பெருமாளைக் காணப் புறப்பட்டு அந்த வழியாக வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், அழுகுரல் கேட்டு நின்றார். காரணம் என்னவென்று விசாரித்தார்.

சில வருடங்களுக்கு முன்பு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்து வந்தவனுக்குத்தான் இன்று பூணூல். 'நம் பிள்ளையும் இருந்திருந்தால்...' என்று எதிர்வீட்டுத் தாய் கலங்குகிறாள்.

அடுத்து சுந்தரர் பதிகம் பாடியதும், முதலை அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் உமிழ்ந்ததும் நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால், பதிகத்துக்கு முன்னால் நடந்ததை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பிள்ளை போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஊருக்கு அது பழைய கதை. பெற்றவளுக்கு மட்டும் நேற்று நடந்த மாதிரி. 'இன்னுமா அழுகிறார்கள்?' என்று சுந்தரர் கேட்கவில்லை. 'ஏன் அழுகிறார்கள்?' என்றுதான் கேட்டார்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்!

எதிர்வீட்டு அழுகுரல்

அவிநாசியிலிருந்து திருப்பூர் வந்து, பல்லடம் சாலையில் போனால் வீரபாண்டி. (கௌமாரியம்மன் அருள்பாலிக்கும் தேனி வீரபாண்டி வேறு. இது பனியன் ஊர் வீரபாண்டி. 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த பகுதி.) கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வீட்டுக்கு ஒருவராவது பனியன் வேலையில் இருப்பார்கள். ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிஃப்ட்; வராவிட்டால் வீட்டில் கவலை. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் வரிசையாகக் குடியிருக்கின்றன. குலதெய்வமும் சொந்தபந்தமும் எங்கோ தூரத்தில்! சுவர் ஒன்றுதான், ஆனால், பக்கத்து வீட்டு அழுகுரல் நம் காதில் விழுவதில்லை.

அப்படியொரு வீட்டில் ஒரு சகோதரியை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. கோலமாவை எடுக்கக் கை எழவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறாள், முன்பு அந்தச் சுடரைப் பார்த்ததும் வந்த நிறைவு இப்போது வரவில்லை. அழுகைகூட வரவில்லை. 'நான் இருந்து என்ன ஆகப் போகிறது?' என்று ஒரு நினைப்பு மட்டும் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது.

இவற்றையெல்லாம்விட அவளை அதிகமாக வாட்டுவது ஒரு கேள்விதான். 'இத்தனை வருஷம் சாமி கும்பிட்டும் மனசு இப்படிக் கிடக்கிறதே... என் பக்தியில்தான் ஏதோ குறையா?'

குறையா, நோயா?

குறையல்ல, சகோதரிகளே. இது நோய். 'மனச்சோர்வு நோய்' என்றும், 'டிப்ரஷன்' என்றும் டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாக நாள் முழுவதும், எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இருண்டு கிடந்தால், தூக்கமும் பசியும் மாறிப்போனால், அது சாதாரணக் கவலை அல்ல. இந்தியாவில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதில் சிக்குகிறார் என்கிறது 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை வியாதி வந்தவரிடம் 'உனக்கு பக்தி போதாது' என்று யாரும் சொல்வதில்லை. மனம் நோகிறவரிடம் மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்கே 'அர்ஜுன விஷாத யோகம்' என்று பெயர். விஷாதம் என்றால் துயரம், சோர்வு. பகவானே தேரோட்டியாக உடனிருக்க, வில்லுக்கு விஜயனுக்கு உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, காண்டீபம் கை நழுவுகிறது. அவனுக்கு பக்தி இல்லையென்றா சொல்வோம்?

இன்னொன்றையும் பாருங்கள். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் அவனைக் கடிந்துகொள்கிறான். 'இது உனக்குத் தகாது, எழுந்திரு' என்கிற பொருளில் பேசுகிறான். அர்ஜுனன் எழவில்லை! தன் வேதனையை மறுபடியும் சொல்லிவிட்டு, போர் செய்ய மாட்டேன் என்று மௌனமாகிவிடுகிறான். அதன் பிறகே கண்ணனின் நீண்ட உபதேசம் தொடங்குகிறது. பகவான் சொல்லியே ஒரு கடிந்த சொல்லால் சோர்வு விலகவில்லை என்றால், 'மனசைத் தைரியமா வெச்சுக்க' என்று நாம் சொல்வதால் மட்டும் விலகிவிடுமா?

தருமர் கேட்ட கேள்வி

அப்படியானால், எது ஆறுதல்?

வனவாசத்தில் தருமர் மனமுடைந்து இருந்தார். சூதில் நாடும் போயிற்று, மானமும் போயிற்று. அவரைக் காண பிருகதசுவர் என்ற முனிவர் வந்தார். அவரிடம் தருமர் கேட்டார்: என்னைவிடத் துர்ப்பாக்கியசாலி உலகில் யாராவது உண்டா?

முனிவர் தத்துவம் பேசவில்லை. நளன் கதையைச் சொன்னார். அவனும் சூதில் நாட்டை இழந்தவன். காட்டில் கட்டிய மனைவியையும் பிரிந்தவன். தன் உருவமே மாறி, இன்னொரு மன்னனிடம் வேலைக்காரனாக இருந்தவன். பிறகு மீண்டவன். திருநள்ளாறு சென்று நளதீர்த்தத்தில் நீராடுகிற நாம் ஒவ்வொருவரும் அவனை நினைத்துக்கொள்கிறோமே, ஏன்? 'நம்மைப் போல் ஒருவன் இந்தப் பாதையில் போயிருக்கிறான். கரையேறியும் இருக்கிறான்' என்ற நம்பிக்கைக்காகத்தான்.

தருமருக்கு முனிவர் தந்தது அறிவுரை அல்ல, துணை. அதே துயரத்தில் நடந்த இன்னொருவரின் துணை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பட்டவருக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். 'ஆமாங்க்கா, எனக்கும் விடியக்காலம்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கும்' என்று ஒருத்தி சொன்னால் போதும். கேட்கிறவளின் நெஞ்சிலிருந்து பாதி பாரம் இறங்கிவிடும். 'நான் மட்டும் இல்லை' என்று தெரிவதே மருந்தின் முதல் சொட்டு!

கோயிலில் நடந்த ஆய்வு

இது வெறும் நம்பிக்கைதானா என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் இருக்கிறது. மனநலம் பாதித்தவர்களை அங்கே அழைத்து வந்து தங்கவைப்பது அப்போது வழக்கமாக இருந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் குழுவினரும் 2000-ம் ஆண்டில் அங்கே ஆய்வு செய்தார்கள். சராசரியாக ஆறு வாரங்கள் தங்கிய 31 பேரைப் பரிசோதித்ததில், நோயின் தீவிரம் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியானது.

அங்கே விசேஷமான சிகிச்சைச் சடங்கு எதுவும் இல்லை. எளிய பூஜை, கோயிலில் சின்னச் சின்ன வேலைகள், கூடவே தங்கும் உறவினர், தன்னைப் போன்றே வந்திருக்கும் மற்றவர்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை, கேலி பேசவில்லை. ஆதரவான அந்தச் சூழலே உதவியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. அங்கிருந்தவர்களுக்கு இருந்தவை மனச்சோர்வைவிட வேறு வகையான, கடுமையான மனநோய்கள். ஆனாலும், பரிவான இடமும் துணையும் என்ன செய்யும் என்பதை இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு நேர்மாறானதையும் நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். தெய்வத்தை நம்பி அழைத்து வந்தவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது தோளா, சங்கிலியா? பக்தியின் உரைகல் இந்தக் கேள்விதான்.

பாட்டிகளின் பெஞ்சு

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாடு. அங்கே 2006-ல் டாக்டர் டிக்ஸன் சிபாண்டா ஒரு முயற்சியைத் தொடங்கினார். மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணுமளவே இருந்த நாடு அது. அதனால் உள்ளூர்ப் பாட்டிகள் 14 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரபெஞ்சு. அதில் ஒரு பாட்டி. பக்கத்தில் மனம் நொந்தவர். 'நட்பு பெஞ்சு' என்று அதற்குப் பெயர். மனச்சோர்வை அந்த ஊர் வழக்கில் 'அளவுக்கு மீறிய நினைப்பு' என்பார்களாம். நம் வீடுகளிலும் 'எதையோ நெனச்சு நெனச்சே இப்படி ஆயிட்டா' என்கிறோம் அல்லவா! 573 பேரிடம் நடத்திய ஆய்வில், பெஞ்சில் வந்து பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்ததாக 2016-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் முக்கியம். பெஞ்சுக்கு வந்து தேறிய பெண்கள் தங்களுக்குள் குழுவாகக் கூடினார்கள். வட்டமாக உட்கார்ந்து, பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பைகள் பின்னியபடியே மனம்விட்டுப் பேசினார்கள். கைக்கு வேலை, வாய்க்குப் பேச்சு, பக்கத்தில் ஆள்! பனியனுக்குப் பிசிறு வெட்டியும் கைமடித்தும் பழகிய வீரபாண்டிப் பெண்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகவே இருக்காது.

மூழ்குகிறவர் மூழ்குகிறவரைத் தூக்க முடியுமா?

நியாயமான சந்தேகம்தான். நீச்சல் தெரியாத இருவர் ஒருவரையொருவர் பற்றினால் இருவருமே மூழ்குவார்களே?

இங்கேதான் ஒரு தர்மம் தேவைப்படுகிறது. துணையாக வருபவள் டாக்டர் அல்ல, ஆகவும் கூடாது. 'எனக்குச் சரியாயிடுச்சு, நீயும் மாத்திரையை நிறுத்திடு' என்று சொல்வது துணை அல்ல, ஆபத்து. மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. 'வாங்கக்கா, ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன்' என்பவளே நல்ல துணை.

இரண்டாவது தர்மம், ரகசியம். ஒருத்தி நம்மை நம்பிச் சொன்னது நம் வாசலைத் தாண்டக் கூடாது. ஏகாதசி விரதத்தைவிடக் கடினமான விரதம் இது! ஆனால், இந்த விரதத்தை முறித்தே ஆக வேண்டிய நேரம் ஒன்று உண்டு. 'செத்துடலாம்போல இருக்கு' என்று அவள் சொன்னால், 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், உடனே அவளது குடும்பத்தினரிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக் கூடாது. உயிரைவிடப் பெரிய சத்தியம் இல்லை. முயன்று தோற்றவரைக் குற்றவாளியாக்குவார்களோ என்று பயப்படவும் வேண்டாம். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தாங்க முடியாத மன நெருக்கடியில் செய்த செயலாகவே அதைக் கருதச் சொல்கிறது.

மூன்றாவது, துணை நிற்பவளும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருத்தியின் பாரத்தை ஒருத்தியே சுமந்தால் இருவரும் சாய்வார்கள். நாலு பேர் சேர்ந்து பிடித்தால்தானே தேர் நகரும்!

இந்த முறைமையோடு உதவும்போது, கொடுப்பவளுக்கும் ஒன்று கிடைக்கிறது. 'நான் எதற்கும் உதவாதவள்' என்பதுதான் மனச்சோர்வு காதில் ஓதும் பெரிய பொய். 'நீங்க வந்து உட்கார்ந்ததே தெம்பா இருந்துச்சுங்க்கா' என்று இன்னொருத்தி சொல்லும்போது அந்தப் பொய் கொஞ்சம் தோற்கிறது. பட்ட துன்பம் அப்போது ஒரு பயனைப் பெற்றுவிடுகிறது.

தேநீரும் தெய்வப்பணியும்

1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினார். கூட்டம் பெருகியது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கத் தொண்டர்கள் வந்தார்கள். போகப் போக ஓர் அதிசயத்தைக் கவனித்தார்: தொண்டர்களோடு பேசிய பலருக்கு அவரைப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை! சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சினேகா' அமைப்பிலும் பயிற்சி பெற்ற தொண்டர்கள்தான் தொலைபேசியில் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

நாமும் இதைச் செய்யலாம். விளக்கு பூஜைக்கு வாரந்தோறும் கூடுகிறோம்; லலிதா சஹஸ்ரநாமம் சொல்கிறோம்; சுண்டல் வாங்கிக்கொண்டு கலைகிறோம். அடுத்த வாரம் ஒரு பத்து நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். வழக்கமாக வருகிறவள் வரவில்லையா? பிரசாதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். 'ஏனுங் அம்மிணி, கொஞ்ச நாளா உங்களக் காணமே?' என்று கேளுங்கள். அவள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். சத்சங்கம் என்று பெரியவர்கள் சொன்னதில் இதற்கும் இடம் உண்டு.

இதைப் படிக்கும் உங்களுக்கே மனம் இருண்டு கிடக்கிறதா? வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அப்படியே, நீங்கள் நம்பும் ஒரே ஒருத்தியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: 'எனக்கு மனசு சரியில்லைக்கா.'

அவிநாசியப்பர் அருளால், அதைக் கேட்டு நின்று விசாரிக்க உங்கள் தெருவிலும் ஒருத்தி இருப்பாள்.